லேசான சிஓபிடி: ஏறாமல் பிடித்து வைக்க முடியுமா?

9 மார்ச் 2024, மாலை. தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரத்துப் பீனிக்ஸ் பகுதி வாசகி ஒருவர் கேட்டது

என் கணவருக்கு 57 வயது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று காட்டப் போனோம். குழாயில் ஊதச் சொன்னார்கள். 'லேசான சிஓபிடி', அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், என்று எழுதி, மருந்தை மூச்சோடு இழுக்கும் ஒரு நீலப் பம்பைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இது ஏறிக்கொண்டே போகும் நோய் என்கிறார்கள். ஏறாமல் பிடித்து வைக்க வழி உண்டா? கற்பூரவல்லிச் சாறும் மஞ்சள் பாலும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பட்டவர்கள் சொல்லுங்கள்.

9 மார்ச் 2024, இரவு

பட்டவன் நான். அதே டர்பனில் மெரிபேங்க். வயது 61. பக்கத்து ஜேக்கப்ஸில் அடிபட்ட கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் 22 ஆண்டு நின்றேன். சிகரெட் அதற்கு முன்பிருந்தே.

போன மாதம் நானும் அதே குழாயில் ஊதினேன். முதல் நொடியில் வெளியே வந்த காற்று 2.41 லிட்டர். என் வயதுக்கும் உயரத்துக்கும் வர வேண்டியதில் அது 83 சதவீதம். மூச்சு தீரும்வரை ஊதியது மொத்தம் 3.60 லிட்டர். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.67. பம்பு அடித்த பிறகும் அந்த எண் 0.70க்குக் கீழே நின்றால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். முதல் நொடிக் காற்று 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது லேசானது. உங்கள் வீட்டுக்காரருடைய தாளிலும் இந்த எண்கள் இருக்கும், தேடிப் பாருங்கள். 'லேசான' என்ற ஒரு சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.

பிடித்து வைக்க முடியுமா என்றால், போனது திரும்பி வராது, போகிற வேகத்தைக் குறைக்கலாம். புகையே தொடாதவருக்கும் வயதாக ஆக அந்த முதல் நொடிக் காற்று ஆண்டுக்கு 25, 30 மில்லி குறைந்துகொண்டுதான் போகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1986இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 5,887 பேர், எல்லாரும் புகைபிடிப்பவர்கள், எல்லாருக்கும் நம்மைப் போல லேசான அல்லது நடுத்தர அடைப்பு. பதினோரு ஆண்டு கழித்துப் பார்த்தால், விட்டுவிட்ட ஆண்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி போயிருந்தது, விடாதவர்களுக்கு 66. பெண்களுக்கு 22, 54.

ஆகவே வழி ஒன்றுதான். சிகரெட்டை விடச் சொல்லுங்கள். 2020 ஊரடங்கில் கடையில் சிகரெட் விற்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டதே, அப்போது நான் ஒரேயடியாக விட்டேன். மற்றதெல்லாம் பேச்சு.

10 மார்ச் 2024

மஞ்சள் பால் குடிக்கட்டும். கற்பூரவல்லியும் சரி, தொண்டைக்கு இதம். அதனால் அடைப்பு குறையும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். இன்னொன்று: நுரையீரலுக்கு நல்லது என்று யாராவது பீட்டா கரோட்டின் மாத்திரை விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது. கேரட்டைக் கேரட்டாகத் தின்பதில் ஒரு குற்றமும் இல்லை.

12 மார்ச் 2024

பீனிக்ஸ் தங்கச்சி பதில் எழுதியிருக்கிறார். அவர் கணவர் வாழ்நாளில் ஒரு சிகரெட்டும் தொட்டதில்லையாம். இளவயதில் இரண்டு முறை காசநோய் வந்து மாத்திரை சாப்பிட்டவராம்.

நான் இரண்டு நாளாகச் சிகரெட் சிகரெட் என்று முழங்கியிருக்கிறேன். மன்னிக்க வேண்டும். விசாரித்துவிட்டு வாயைத் திறந்திருக்க வேண்டும்.

இந்த நாட்டில் இருந்துகொண்டு காசநோயை நான் மறந்ததுதான் வெட்கம். குணமான பிறகும் அது விட்டுப்போகும் தழும்பு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம். பல நாடுகளில் ஒரே மாதிரி ஊத வைத்து அளந்த ஆய்வொன்று 2007இல் வந்தது. கேப் டவுனில் நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களில் 22 சதவீதம் பேருக்கு, பெண்களில் 17 சதவீதம் பேருக்கு நடுத்தரமோ அதற்கு மேலோ அடைப்பு இருந்தது. அந்த ஆய்வில் சேர்ந்த நகரங்களிலேயே அதுதான் உச்சம். சிகரெட் மட்டும் அந்த எண்ணைக் கொண்டுவந்திருக்காது. காசநோய், வேலைத்தலத் தூசு, அடுப்புப் புகை எல்லாம் சேர்ந்துதான்.

எனக்கும் 1989இல் காசநோய் வந்தது. ஆறு மாதம் மாத்திரை. போன மாதம் டாக்டர் கேட்டபோது நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை, நினைவுக்கு வரவில்லை. அடுத்த முறை முதல் வேலையாகச் சொல்லப் போகிறேன். தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் சொன்னாரா?

17 மார்ச் 2024

மேலே '2020இல் ஒரேயடியாக விட்டேன்' என்று எழுதியதை என் மனைவி படித்துவிட்டார். இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டை வைக்கும் ஓசையே வேறு மாதிரி இருக்கிறது. ஆகவே உண்மையை எழுதுகிறேன்.

தடை மார்ச் 27ஆம் தேதி தொடங்கியது. முதல் மூன்று வாரம் உண்மையாகவே நிறுத்தினேன். நாலாவது வாரம் தெருக்கோடியில் ஒரு பையன் தக்காளி வாளிக்கு அடியில் வைத்து விற்கிறான் என்று தெரிந்தது. மூன்று மடங்கு விலை, பேரே கேள்விப்படாத சிகரெட், உறிஞ்சினால் பழைய சாக்கு எரிகிற வாடை. அதையும் வாங்கினேன். ஆகஸ்ட் நடுவில் தடை நீங்கியதும் பழைய கடைக்குப் பழைய வாடிக்கையாளன் திரும்பினேன். உண்மையில் நான் விட்டது 2021 ஜூனில், நிக்கோட்டின் பட்டையை ஒட்டிக்கொண்டு, நாலாவது முயற்சியில். எந்தச் சட்டமும் என்னைத் திருத்தவில்லை. மாடிப்படியில் பேரனைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது பாதியில் அவனை இறக்கிவிட வேண்டி வந்தது, அதுதான்.

18 மார்ச் 2024

'டக்கா, அதாவது கஞ்சா, மூலிகைதானே அண்ணா, நீதிமன்றமே அனுமதித்துவிட்டதே' என்று சாட்ஸ்வொர்த் தம்பி கேட்கிறார். தம்பி, 2018 செப்டம்பர் 18 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது, பெரியவர்கள் தனியிடத்தில் வைத்துக்கொண்டால் போலீஸ் பிடிக்கக் கூடாது என்பதை. நுரையீரலுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது.

6 ஏப்ரல் 2024

பம்பைப் பற்றி எழுதுகிறேன், இதில் மூன்று ஆண்டு ஏமாந்தவன் நான். அதற்கு முன் ஒரு டாக்டர் ஊத வைக்காமலே 'ஆஸ்துமா' என்று எழுதி எனக்குப் பம்பு கொடுத்திருந்தார். எப்படி அடிப்பது என்று யாரும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. வாயைத் திறந்து, நாக்கின்மேல் ஒரு அழுத்து, டக்கென்று ஒரு மூச்சு. மருந்தெல்லாம் நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டது. கசப்பு தெரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கசந்தது என்றால் போக வேண்டிய இடத்துக்கு அது போகவில்லை என்று பொருள்.

நன்றாகக் குலுக்க வேண்டும். முதலில் மூச்சை வெளியே விட்டுத் தீர்க்க வேண்டும். உதட்டால் கவ்வி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். இழுத்து முடித்துப் பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். கையும் மூச்சும் ஒன்றாக வராதவர்களுக்குப் பம்புக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு கூடு (ஸ்பேசர்) வேண்டும். கடையில் விற்கிற கூடு விலை அதிகம். நம் நாட்டு ஆட்களே இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். கேப் டவுனில் குழந்தைகள் மருத்துவர் ஹெதர் ஸார் குழுவினர், 500 மில்லி குளிர்பானப் பாட்டிலையே கூடாக வைத்து ஆஸ்துமாக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கடைக் கூட்டுக்கு அது குறைந்ததில்லை என்று 1999இல் லான்செட் இதழில் எழுதினார்கள்.

நானும் ஒன்று செய்தேன். பாட்டிலைக் கழுவிக் காய வைத்தேன். பம்பின் வாயை அடிப்பக்கத்தில் வைத்துப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டேன். பழைய வெண்ணெய்க் கத்தியைச் சூடாக்கிக் கோட்டின் உட்புறமாக அறுத்தேன். கோட்டின்மேலே அறுத்தால் ஓட்டை பெரிதாகிவிடும். என் முதல் பாட்டில் அப்படித்தான் குப்பைக்குப் போனது. பிளாஸ்டிக் இளகியிருக்கும்போதே பம்பின் வாயை உள்ளே தள்ளினால் விளிம்பு அதன் வடிவத்துக்கே படிந்துவிடுகிறது. அது தனிச் சுகம். பட்டறையில் பம்பர் ஒட்டிய கை இன்னும் மறக்கவில்லை. மிச்ச இடுக்கைப் பசை வைத்து அடைத்தேன். பாட்டில் வாயில் உதட்டை வைத்து, பம்பை ஓர் அழுத்து அழுத்தி, நிதானமாக இழுத்தேன். நாக்கில் கசப்பே இல்லை.

7 ஏப்ரல் 2024

விட்டுப்போனவை. கத்தியை வெளியே வைத்துச் சுடுங்கள், எரியும் பிளாஸ்டிக் வாடையை நீங்களே உறிஞ்சிவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள். உள்ளே பிசிறு இருந்தால் சுரண்டி எடுங்கள். பசை முழுக்கக் காய்ந்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி, துடைக்காமல் காய விடுங்கள். துணியால் துடைத்தால் மின்னேற்றம் வந்து மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். மூடியைப் போட்டு வையுங்கள். நான் போடவில்லை. இன்று காலை உள்ளே ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

20 ஏப்ரல் 2024

நீலப் பம்பு மூச்சை எளிதாக்கும், நோயின் வேகத்தைக் குறைக்காது என்று ஒருவருக்குத் தனியாக எழுதியிருந்தேன். கூடவே 'எந்த மருந்தும் குறைக்காது' என்றும் சேர்த்துவிட்டேன். மருந்தாளர் படிப்பு படிக்கும் தம்பி ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது சரிதான்.

மேலே சொன்ன அமெரிக்க ஆய்விலேயே சிலருக்கு ஒரு பம்பு கொடுத்தார்கள். வேகம் குறையவில்லை. அதை வைத்துத்தான் நான் அடித்துப் பேசினேன். ஆனால் 2017இல் சீனாவிலிருந்து வேறொன்று வந்திருக்கிறது. லேசான, நடுத்தர அடைப்புள்ள 841 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு டயோட்ரோபியம் என்ற, நாள் முழுக்க வேலை செய்யும் மருந்தை இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். பம்பு அடித்த பிறகு ஊதிய அளவில் ஆண்டு இழப்பு 29 மில்லி, மருந்து இல்லாதவர்களுக்கு 51. பம்பு அடிக்காமல் ஊதிய அளவில் இழப்பின் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தம்பி இதில் முதல் பாதியைத்தான் எனக்குச் சொன்னார், இரண்டாவது பாதியை நான் தேடிக்கொண்டேன். ஆட்டம் சமன்.

நமக்கு அது வேண்டுமா என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். நான் கேட்டேன். 'மூச்சு வாங்குவது அன்றாட வேலையைத் தடுக்கிறதா' என்று திருப்பிக் கேட்டார். இல்லை என்றேன். 'ஆறு மாதம் பார்ப்போம்' என்றார். பம்புக்கு ஆசைப்பட்டு ஏமாந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆரஞ்சுச் சுவையில் தண்ணீரில் கரையும் சளி மாத்திரையைக் கேட்டவருக்கு: ஐரோப்பாவில் அந்த மருந்தை மூன்று ஆண்டு கொடுத்துப் பார்த்து, 2005இல் முடிவு சொன்னார்கள். காற்று போகிற வேகம் குறையவில்லை. சளி இளகினால் இளகட்டும், அவ்வளவுதான்.

11 மே 2024

சென்னையில் இருக்கும் மைத்துனர் தொலைபேசியில், 'ஃப்ளூ ஊசியை மழைக்காலம் தொடங்குவதற்குள் போட்டுக்கொள்ளுங்கள் மாமா' என்றார். அவருடைய மழைக்காலம் அக்டோபரில். நமக்குக் குளிர்காலம் ஜூனில். இங்கே மார்ச், ஏப்ரலில் மருந்துக்கடைக்கு ஊசி வந்துவிடுகிறது. நியூமோனியா ஊசி வேறு, அதையும் கேட்டுப் பாருங்கள்.

நான் போட்டுக்கொண்டேனா என்று கேட்காதீர்கள். அடுத்த வாரம் போகிறேன்.

26 மே 2024

எங்கள் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைப் பற்றி நான் ஏன் வாயே திறக்கவில்லை என்று ஒரு மெரிபேங்க்காரர் கோபப்படுகிறார். ஐயா, ஆலைப் புகைக்குள்தான் நானும் வளர்ந்தேன். பள்ளிக்கூட ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்தியது எனக்கும் நினைவிருக்கிறது. ஓர் ஆலை 2020 டிசம்பர் 4ஆம் தேதி வெடித்ததோடு நின்றது, இன்னொன்று 2022இல் நின்றது. இரண்டும் இப்போது எண்ணெய் காய்ச்சுவதில்லை. என் அடைப்பு என்னோடுதான் இருக்கிறது. அவர்கள் பங்கு எவ்வளவு, சிகரெட்டின் பங்கு எவ்வளவு, பெயின்டின் பங்கு எவ்வளவு என்று என் நெஞ்சைக் கிழித்தாலும் எழுதியிருக்காது. போராட வேண்டியவர்கள் போராடட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஆலையைத் திட்டிக்கொண்டே சிகரெட் பிடித்தவன் நான். அதனால் அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய வீடுகளில் இன்னும் சுவரில் பூஞ்சை இருந்தால், பெயின்ட் அடித்து மறைக்காமல் சுரண்டிக் காய வையுங்கள். பெயின்ட்காரன் சொல்கிறேன்.

4 ஆகஸ்ட் 2024

இரண்டு மாதமாக எழுதவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எங்கள் கோயிலில் ஆடிக் கூழுக்கு அடுப்பு என் பொறுப்பு. இருபத்தாறு ஆண்டாக. நாலு அண்டா, வாட்டில் மரத்து விறகு. விடியற்காலை மூன்று மணிக்குத் தீ மூட்டினால் ஒன்பது மணிக்கு மக்காச்சோள மாவுக் கூழ் இறங்கும். எந்த விறகு எங்கே போக வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்பது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். புகை வந்தால் விலகி நிற்பவனை நாங்கள் பையன் என்போம். நான் விலகியதில்லை. கண் எரியும், மூக்கு ஒழுகும், அது அம்மனுக்குச் செய்கிற வேலை.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. பேரனிடமிருந்து தொற்றிய சளி ஏற்கெனவே இருந்தது. விறகும் ஈரம். காற்று கடல் பக்கமிருந்து வந்து புகையைக் கொட்டகைக்குள்ளேயே திருப்பிவிட்டது. நாலு மணி நேரம் உள்ளே நின்றேன். அன்று மாலை மூச்சு விசிலடித்தது. ஞாயிறு காலை சளி பச்சையாக மாறியது. திங்களன்று நாற்காலியிலிருந்து எழுந்து கழிவறைக்குப் போக நடுவில் ஒரு முறை சுவரைப் பிடித்தேன். ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை, கூடவே ஆன்டிபயாடிக். ஃப்ளூ ஊசி? 'அடுத்த வாரம்' என்று மே மாதத்தில் எழுதினேன் அல்லவா, அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

டாக்டர் திட்டவில்லை. 'சிகரெட்டை எப்போது விட்டீர்கள்?' என்றார். மூன்று ஆண்டு என்றேன், பெருமையாக. 'அந்த அடுப்பை?' என்றார்.

அது எனக்கு உறைக்கவே இல்லை அதுவரை. சாமிக்கு மூட்டிய தீயும் நுரையீரலுக்குத் தீதான் என்று யாரும் சொல்லவில்லை என்பேன். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

5 ஆகஸ்ட் 2024

'சாமி காரியத்தைக் குறை சொல்லாதீர்கள்' என்று டொங்காட்டிலிருந்து ஓர் அண்ணி எழுதுகிறார். குறை சொல்லவில்லை அண்ணி. கூழை நான் குறை சொல்லவில்லை, கூழ் அருமையாக வந்தது.

19 ஆகஸ்ட் 2024

மூச்சு பழைய நிலைக்கு வர மூன்று வாரம் பிடித்தது. வந்ததா என்றும் சரியாகத் தெரியவில்லை.

இந்தச் சளிப் பிடிப்புகளை நான் வெறும் தொந்தரவு என்று நினைத்திருந்தேன். வந்தால் போகும். அப்படியில்லையாம். இப்படி ஒவ்வொரு முறை நெஞ்சு கெடும்போதும் முதல் நொடிக் காற்றில் ஒரு பங்கு திரும்பாமலே போகலாம். முற்றியவர்களைவிட லேசான நிலையில் இருப்பவர்களுக்குத்தான் அந்த இழப்பு அதிகம் என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து கண்டிருக்கிறார்கள். இழப்பதற்கு நம்மிடம் இன்னும் நிறைய இருப்பதாலோ என்னவோ. 'லேசானதுதானே' என்று ஊசியைத் தள்ளிப்போட்ட எனக்கு இது நல்ல அடி.

ஆகவே மார்ச்சில் 'வழி ஒன்றுதான்' என்று எழுதியதை அடித்துவிடுங்கள். எரிகிற எதையும் கிட்டே வைத்துக்கொள்ளாமல் இருப்பது, சளியை நெஞ்சுக்கு இறங்க விடாமல் இருப்பது, இரண்டும் வேண்டும். பீனிக்ஸ் தங்கச்சியின் வீட்டுக்காரருக்கும் இது அப்படியே பொருந்தும்.

வீட்டில் எரிவதை எல்லாம் எண்ணிப் பார்த்தேன். சாம்பிராணி, காலை மாலை. ஊதுவத்தி. கற்பூரம். சனிக்கிழமை மாமனார் வீட்டுக் கரியடுப்பு. இரவில் கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள். இதில் கடைசிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சுருள் எரிந்து தீர்வதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். சிகரெட்டை விட்டவன் ஒவ்வொரு இரவும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதன் பக்கத்தில் படுத்திருந்தேன். இப்போது வலை கட்டியிருக்கிறது. மனைவிக்கு அதில் ஓர் ஆதாயம்: என் குறட்டையை வலை தடுக்கும் என்று நினைக்கிறார். தடுக்காது.

சாம்பிராணி பற்றி வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது. வெள்ளிக்கிழமை மட்டும், வாசல் கதவைத் திறந்து வைத்து, நான் கொல்லையில் இருக்கும்போது.

20 ஆகஸ்ட் 2024

பீனிக்ஸ் தங்கச்சி எழுதுகிறார்: கரும்புத் தோட்டம் கொளுத்தும்போது கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் கருஞ்சாம்பல் விழுகிறதாம். அதற்கு என்ன செய்வது? தோட்டத்தை நாம் அணைக்க முடியாது. அன்று ஜன்னலைச் சாத்துங்கள், வீட்டுக்காரரை நடக்க அனுப்பாதீர்கள். சட்டையை உதறுங்கள், தேய்க்காதீர்கள்.

3 நவம்பர் 2024

நல்ல செய்தி! தீபாவளி மறுநாள் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் இலவசமாக ஊதிப் பார்த்தார்கள். 2.52 லிட்டர்! பிப்ரவரியில் 2.41. நூற்றுப்பத்து மில்லி கூடியிருக்கிறது. கொசுவலை வாழ்க. அடுப்பை விட்டதும் நுரையீரல் திரும்பி வளர்கிறது. எல்லாரும் விடுங்கள்.

5 நவம்பர் 2024

மேலே எழுதியதை நம்பாதீர்கள்.

மருந்தாளர் தம்பி பொறுமையாக விளக்கினார். ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில், ஒரே ஆள் ஊதினாலும் இரண்டு ஊதல்களுக்கு இடையே 150 மில்லி வரை வித்தியாசம் வந்தால் அதை ஒத்துப்போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நான் வேறு இயந்திரத்தில், எண்ணெய்ப் பலகாரம் தின்ற வயிற்றோடு, ஒரே முறை ஊதினேன். அந்த 110 மில்லிக்கு ஒரு பொருளும் இல்லை. அழிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், இன்னொருவர் இதே தவறைச் செய்வதற்குள் படிக்கட்டும்.

இதில் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று. ஆண்டுக்கு 30 மில்லியா 60 மில்லியா என்பதுதான் கேள்வி. இயந்திரத்தின் ஆட்டமோ 150. அப்படியானால் நான் செய்வதெல்லாம் பலிக்கிறதா என்று ஓர் ஆண்டில் தெரியாது, இரண்டு ஆண்டிலும் தெரியாது. ஐந்தாறு புள்ளிகளைத் தாளில் வைத்துக் கோடு இழுத்தால்தான் தெரியும். பலன் தெரியாமலே செய்துகொண்டிருக்க வேண்டும். தவம் என்று சொல்லலாம். எனக்குத் தவம் வராது.

19 ஜனவரி 2025

நடையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. நடப்பதால் அடைப்பு குறையாது. அடைப்போடு அதிக தூரம் போக முடிகிறது, அது உண்மை. நான் விளக்குக் கம்பங்களை எண்ணுகிறேன். செப்டம்பரில் மேட்டுச் சாலையில் எட்டாவது கம்பத்தில் நின்றேன். இப்போது பதினேழு. மூச்சு வாங்கினாலும் ஒரு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும் என்றார்கள். மனைவியும் கூட வருவதால் வாக்கியத்துக்குப் பஞ்சமில்லை, நான் பதில் சொல்ல முடிகிறதா என்பதுதான் சோதனை. மேடேறும்போது மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

13 பிப்ரவரி 2025

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கவில்லை. பால்குடம் எடுத்தேன். முழுத் தூரமும் நடந்தேன். கற்பூரத் தட்டுக்குப் பத்தடி தள்ளி நின்று கும்பிட்டேன். முருகனுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

23 மார்ச் 2025

அதே இடம், அதே இயந்திரம். மூன்று முறை ஊதினேன், பெரியது 2.38. போன ஆண்டு 2.41. முப்பது மில்லி இறக்கம். சந்தோஷப்பட வேண்டும் என்று மனைவி சொல்கிறார். நவம்பரில் பட்ட அவமானம் போதும், நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது புள்ளியைத் தாளில் வைத்தாயிற்று. காசநோய்க் கதையையும் டாக்டரிடம் சொன்னேன், எக்ஸ்ரேயில் வலது பக்க மேல்முனையில் பழைய தழும்பைக் காட்டினார். பொட்டு மாதிரி இருக்கிறது.

ஃப்ளூ ஊசிக்கு மருந்துக்கடையில் பெயர் கொடுத்துவிட்டேன். வந்ததும் கூப்பிடுவார்கள்.

12 ஏப்ரல் 2025

போட்டாயிற்று. கை வலிக்கிறது.

3 ஆகஸ்ட் 2025

ஆடி வெள்ளி முடிந்தது. கமிட்டிக் கூட்டத்தில் கேஸ் அடுப்பு கேட்டுப் பார்த்தேன். இரண்டு அண்டாவுக்குச் சரி என்றார்கள், மற்ற இரண்டும் விறகில்தான் என்று பெரியவர்கள் நின்றுவிட்டார்கள். கொட்டகைத் தகரத்தில் கடல் பக்கம் இரண்டு தகட்டைக் கழற்றினோம், புகை இப்போது மேலே போகிறது. விறகடுப்பை என் தங்கை மகனிடம் கொடுத்தேன். முப்பது வயது, நெஞ்சு நன்றாக இருக்கிறது, கெட்டுப்போக வேண்டாம் என்று அவனுக்கும் முகமூடி வாங்கிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அது கழுத்தில் தொங்கியது.

எனக்குக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டார்கள். வெங்காயம் உரித்தேன். அங்கிருந்து பார்த்தால் மூன்றாவது அண்டாவுக்கு அடியில் விறகு அதிகம் என்று தெரிந்தது. சொல்லலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தேன். சொன்னால் எழுந்து போவேன், போனால் குனிவேன், குனிந்தால் ஒன்பது மணி வரை அங்கேதான். உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாவது அண்டா அடிப்பிடித்துவிட்டது. கரண்டியில் கறுப்புச் சிலும்பு வந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் வெங்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டில் அளவு கேட்டவருக்கு: 500 மில்லி. இரண்டு லிட்டர் அல்ல.